நாற்பது நாள் வேன் வாடகை: ஏசி ராத்திரி முழுக்க ஓடாது

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏசி இரண்டு மணி நேரம் ஓடும். அதற்குமேல் ஓடாது. "ராத்திரி ஃபுல்லா ஜில்லுனு தூங்கலாம் அங்கிள்" என்று சாவியைக் கொடுத்த தம்பி பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த வண்டியில் அவர் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை, அவ்வளவுதான்.

புதுச்சேரியில் வேன் வீடு வாடகைக்குக் கொடுக்கிற இடம் இது. பெயரைப் போடவில்லை. மூன்று பேர் சேர்ந்து லோன் போட்டு நடத்துகிறார்கள். நான் எழுதப்போவதில் பாதி குறை, அவர்கள் பிழைப்பில் மண் விழ வேண்டாம். வண்டி டெம்போ டிராவலர். சீட்டெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே கட்டில், சிங்க், சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு ஓரத்தில் கதவு போட்ட கழிவறை. கூரையில் சோலார் தகடு. நாள் வாடகை ஆறாயிரம். 2025 ஜனவரி 27 முதல் மார்ச் 7 வரை நாற்பது நாளைக்கு மொத்தமாக எடுத்ததால் நாலாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்.

நாற்பது நாள் எதற்கு என்றால், அது பரீட்சை. பாஸானால் கடலூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, இதே மாதிரி ஒரு வண்டியைச் சொந்தமாகச் செய்துகொண்டு, உடம்பில் தெம்பு இருக்கிறவரை ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பதாகத் திட்டம். திட்டம் என்னுடையது. பிஎஸ்என்எல்லில் விஆர்எஸ், அதாவது விருப்ப ஓய்வு, கொடுத்தபோது எழுதிக் கொடுத்தவன் நான். 2020 ஜனவரி 31 கடைசி நாள். மாலையெல்லாம் போட்டு அனுப்பினார்கள், மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மொட்டைமாடியில் உட்கார்ந்து, வெளிநாட்டுத் தாத்தா பாட்டிகள் வேனில் குடித்தனம் நடத்துகிற வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். விடிந்ததும் கதவைத் திறப்பார்கள், எதிரே ஏரி. தாத்தா காபி ஆற்றுவார். அந்தக் காபி என்னை என்னவோ செய்துவிட்டது.

மனைவி பிடிகொடுக்கவில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. கூடத்தில் முழங்கால் அளவு. கல்யாணத்துக்கு வாங்கின மர பீரோவின் அடிப்பலகை ஊறி உப்பிப்போனது. சேற்றை வாரிக் கொட்டிவிட்டு நிமிர்ந்தவள், "இந்த வீட்ட கட்டிக்கினு அழுவுறதுக்கு உங்க வண்டியே தேவல" என்றாள். விரக்தியில் வந்த பேச்சு. நான் அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டு, பொங்கல் கழிந்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

எடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று: நம்பர் பலகையைப் பாருங்கள். நாமே ஓட்டுகிற வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் சொந்த வண்டியை ரகசியமாக வாடகைக்கு விடுகிறார்கள் என்று அர்த்தம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். இவர்கள் வண்டியில் அது சரியாகவே இருந்தது. உங்கள் லைசென்ஸையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இந்த வயதில் புதுப்பித்தால் ஐந்து வருஷம்தான் தருகிறார்கள், டாக்டர் சான்றிதழோடு. என்னுடையது முடிய நாலு மாதம்தான் இருந்தது, கவனிக்கவே இல்லை.

முதல் ராத்திரி ஒத்திகை என்று எங்கள் தெருவிலேயே, எங்கள் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திப் படுத்தோம். பதினொரு மணிக்கு ஏசி நின்றது. கட்டில் வண்டியின் குறுக்கே போட்டிருக்கிறது. சுவரோரம் படுத்தவர் வெளியே வர, இந்தப் பக்கம் படுத்தவரைத் தாண்ட வேண்டும். தாண்டினாள். கழிவறைக் கதவைத் திறந்து பார்த்தாள். மூடினாள். வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி உள்ளே போனவள், காலையில் காபி டம்ளரோடுதான் திரும்பி வந்தாள். அந்தக் காபிக்கு எதிரே ஏரி இல்லை, கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் இருந்தார். "சார் வெளிய படுத்துட்டாரா?" என்று கேட்டார்.

ஏசி விவகாரத்துக்கு வருகிறேன். பேட்டரி 200 ஆம்பியர்-அவர், 12.8 வோல்ட் லித்தியம். பெருக்கினால் 2,560 வாட்-அவர், அதாவது இரண்டரை யூனிட். ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குப் பத்து சதவீதம் தின்னும். ஃப்ரிட்ஜ் இருபத்திநாலு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். மிச்சம் எவ்வளவு என்பது பத்தாங்கிளாஸ் கணக்கு. நானோ முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன். இரண்டு வோல்ட் செல் இருபத்திநாலை வரிசையாக வைத்த பேட்டரி ரூமில் ஆசிட் வாடையில் கிடந்தவன். தினம் காலையில் ஹைட்ரோமீட்டரை விட்டு பைலட் செல்லில், அதாவது மொத்தத்துக்கும் மாதிரியாக வைத்த ஒரு செல்லில், அளவு எடுத்து நோட்டில் எழுதினவன். கரண்ட் போனால் என்ஜினைக் கிளப்ப ஓடினவன். அப்படிப்பட்டவன் சாவி வாங்கும்போது "எத்தனை ஆம்பியர்-அவர்" என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பளத்தைக் கேட்க மறந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, கட்டில் விரிப்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோலார் இருக்கிறதே என்பீர்கள். 400 வாட் தகடு, கூரையில் படுத்த வாக்கில். நாளைக்கு ஒன்றரை யூனிட் வந்தால் அதிகம். அதற்கும் வண்டி வெயிலில் நிற்க வேண்டும். வெயிலில் நின்றால் உள்ளே மனுஷன் உட்கார முடியாது. புன்னை மரத்தடியில் நிறுத்தினால் உள்ளே சுகமாக இருக்கும், மேலே கரண்ட் வராது. இந்த ஒரு முடிச்சை நாற்பது நாளும் அவிழ்க்கப் பார்த்தேன், அவிழவில்லை. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியர் ஏறும் என்று கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் சார்ஜ் ஏற்றுவதற்காகவே ஊர் மாற ஆரம்பித்தோம். தேவிபட்டினத்தில் இன்னொரு நாள் இருக்கலாம் என்று அவள் சொன்னாள். பேட்டரி 38 சதவீதம். கிளப்பிவிட்டேன்.

சிங்க்குக்கு மேலே ஒரு சின்ன மீட்டர் திரை. பச்சை எழுத்தில் சதவீதம் காட்டும். ராத்திரி எழுந்தால் அதைப் பார்ப்பேன், காலையில் கண் விழித்ததும் அதைப் பார்ப்பேன். ஒரு நோட்டு வாங்கி எழுதவும் ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்த மனைவி, "சம்பளம் யாரு குடுக்குறாங்க?" என்று கேட்டாள்.

கோடியக்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தை அமாவாசைக் கூட்டம் வடிந்த மறுநாள் போய்ச் சேர்ந்தோம். ஒரு டீக்கடை ஓரமாக, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நிறுத்தினேன். கருவாட்டுக் கூடையோடு போன ஒரு பாட்டி நின்று, உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கொடியில் காய்ந்த என் பனியனைப் பார்த்தார்.

"ஏம்மா, புள்ளைவோ கவனிக்கலையா?"

"அப்படில்லாம் இல்லீங்கம்மா. பையன் கோயம்புத்தூர்ல இருக்கான், நல்லாதான் பாத்துக்குறான்."

"நல்லா பாத்துக்கிட்டா ஏம்மா ரோட்டுல கெடக்குறிய?"

ஓய்வுக்காலம், பயணம், சுதந்திரம் என்று நான் குறுக்கே புகுந்து விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தூக்குவாளியில் சோறும் மத்தி மீன் குழம்பும் கொண்டுவந்து, என்னைப் பார்க்காமல், மனைவி கையில் கொடுத்தார். நாளைக்கு நாலாயிரம் வாடகை கொடுக்கிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு அன்று அன்னதானம் வாங்கிச் சாப்பிட்டேன். குழம்பு பிரமாதம். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. இவளோ கிண்ணத்தை வழித்துவிட்டு, வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப்போய், அந்தம்மாள் வீட்டுத் திண்ணையில் ஒன்பது மணிவரை பேசிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடியலில் இருவரும் உப்பளப் பக்கம் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மீட்டரில் 31 இருந்தது. தகட்டில் பனியோடு சேர்ந்து உப்புத் தூசி படிந்திருந்தது, ஏணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள், "பூநாரை பாத்தேங்க. சும்மா நிக்கும்போது வெள்ளையா கெடக்கு, பறக்கறப்ப றெக்கைக்குள்ள அப்படியே ரோஸு" என்றாள். கையை விரித்துக் காட்டினாள். தென்கோடிவரை போய் வந்தும் நான் பூநாரை பார்க்கவில்லை. மல்லிப்பட்டினத்தில் மனோரா கோபுரத்தை அவள் சுற்றி வந்தபோது நான் டீசல் பங்க் தேடிக்கொண்டிருந்தேன். பாம்பனில் கட்டி முடித்துத் திறக்காமல் நின்ற புது ரயில் பாலத்தை அவள் ஜன்னலில் பார்த்தாள். நான் முன்னால் போன பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வரமாட்டேன் என்றவள் ஊரைப் பார்த்தாள், கூட்டிக்கொண்டு போனவன் மீட்டரைப் பார்த்தேன்.

கழிவறை. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

அடியில் இருபது லிட்டர் பெட்டி. சர்க்கரைக்காரன் ராத்திரி மூன்று முறை எழுந்திருப்பான். இரண்டு பேருக்கு அது இரண்டு நாள்கூடத் தாங்காது. வெளிநாட்டு வீடியோவில் ஒரு தாத்தா கையுறை போட்டுக்கொண்டு, அதற்கென்றே கட்டின இடத்தில் ஒரு குழாயைச் செருகி வேலையை முடித்துவிடுவார். அங்கே தண்ணீர் பிடிக்க, கழிவு கொட்ட, கரண்ட் எடுக்க என்று வேன்காரர்களுக்குத் தனி இடங்கள் இருக்கின்றன. நாம் பெட்ரோல் பங்க் கழிவறைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நிறைந்த பெட்டி இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். ஆளிடம் கேட்டு, கையில் ஐம்பது ரூபாய் கொடுத்து, கொட்டிக் கழுவி எடுத்து வருவேன். ஒரு பங்க்கில் "எங்க வந்து என்ன பண்றீங்க" என்று விரட்டினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பத்தாம் நாளுக்கப்புறம் பகலில் அந்தக் கழிவறையை உபயோகிப்பதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். வண்டிக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எந்தெந்த ஊரில் எங்கே கொட்டலாம், எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் கையில் கொடுக்கலாம். நான் எழுதி வைத்திருந்ததைத் திரும்பி வந்ததும் அவர்களிடமே கொடுத்துவிட்டேன்.

இன்சுலின் போடுகிறவர்கள் கவனிக்க. பிரிக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வண்டி ஃப்ரிட்ஜில் குளிர் வரும் தகடு பின்சுவரில் இருக்கிறது. மணப்பாட்டில் பால் திரியாமல் இருக்கட்டும் என்று குமிழைத் திருகிக் கூட்டி வைத்தேன். காலையில் தகட்டை ஒட்டி இருந்த இரண்டு பேனாவும் கட்டி. உருகின பிறகு பார்க்கப் பழைய மாதிரிதான் இருக்கும், ஆனால் உறைந்துபோன இன்சுலினை நம்பக் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அதே மருந்து திருச்செந்தூரில் மூன்று கடை ஏறி இறங்கிக் கிடைத்தது. அந்த அரை நாள் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இது வண்டிக்காரர்கள் குற்றம் இல்லை. ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன வெப்பமானி தொங்கவிட்டால் என்ன குறைந்துவிடும்? எத்தனை பெரியவர்கள் எடுக்கிறார்கள்!

படிக்கட்டு ஒன்றரை அடி உயரம். அவளுக்கு வலது முழங்கால் தேய்மானம். ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிப் போட்டோம், நூற்றெண்பது ரூபாய். இந்தப் பயணத்தில் வாங்கினதிலேயே உருப்படியான பொருள் அதுதான். ஒவ்வொரு ஊரை விட்டுக் கிளம்பும்போதும் முக்காலியை மறந்துவிட்டுப் போய் ஒரு கிலோமீட்டர் திரும்பி வருவோம்.

குறையாகவே சொல்கிறேனே, நல்லதைச் சொல்லாவிட்டால் பாவம். தொண்டி தாண்டியதும் தண்ணீர் பம்ப் நின்றுபோனது. ராத்திரி ஒன்பதரைக்குப் போன் போட்டேன், இரண்டாவது ரிங்கில் எடுத்தார் அந்தத் தம்பி. வீடியோவில் ஃபியூஸைக் காட்டச் சொன்னார், வயரைக் காட்டச் சொன்னார். பம்ப்தான் போயிருக்கிறது என்று தெரிந்ததும், புதுசை அன்றைக்கே ராத்திரி பஸ்ஸில் போட்டுவிட்டார். காலையில் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் வாங்கி நானே மாட்டினேன். காசு கேட்கவில்லை. "அங்கிள், நீங்க எங்ககிட்ட வேலைக்கு வந்துடுங்க" என்றார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம் தாங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், நாற்பது நாளில் நான் மனசார அனுபவித்த நாள் அந்தப் பம்ப் மாட்டின நாள்தான்.

அதே ஆட்கள், வண்டியைத் திருப்பி விட்டபோது இடப்பக்கம் கருவேல முள் கீறின கோட்டுக்கு அட்வான்ஸில் நாலாயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டார்கள். எடுக்கும்போதே இருந்த இரண்டு கோடுகளும் அதில் சேர்த்தி. வாங்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள்.

காசுக் கணக்கு. வாடகை ஒரு லட்சத்து அறுபதாயிரம். கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர் ஓடினோம், லிட்டருக்குப் பத்து கொடுத்தது, டீசல் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். புதுச்சேரியிலேயே டாங்கை ரொப்பிக்கொள்ளுங்கள், நம்மூரைவிட லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் குறைவு. சாப்பாடு, காய்கறி இருபதாயிரம். அப்புறம் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒன்பது ராத்திரி லாட்ஜில் ரூம் போட்டோம். கட்டிலோடு வண்டி வாசலில் நிற்க, நாங்கள் மாடியில். துணி துவைக்க, கால் நீட்டிப் படுக்க, ஒரு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிக்க. அது பன்னிரண்டாயிரத்து அறுநூறு. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து இருபதாயிரம் பக்கம். நாற்பது நாளும் லாட்ஜிலேயே தங்கி, பஸ்ஸிலும் ரயிலிலும் போயிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. வீட்டை வாடகைக்கு விட்டால் பதினாலாயிரம் வரும் என்று போட்ட திட்டத்தில், இப்படிச் சொந்தமாக ஒரு வண்டி செய்ய முப்பது லட்சம் ஆகும் என்று அவர்கள் சொன்னதோடு முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. உயிர்ச்சான்றை இப்போது போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம், அதற்காக ஊர் திரும்ப வேண்டாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நம்மைத் தெரிந்த டாக்டர் மஞ்சக்குப்பத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்.

ராத்திரி எங்கே நிறுத்துவது என்று பலர் கேட்கிறார்கள். டீசல் போட்ட பங்க்கில் கேட்டால் பெரும்பாலும் விடுகிறார்கள். விளக்கு கண்ணில் குத்தும், லாரிகள் உறுமும், ஆனால் பயமில்லை. கடற்கரையில் நிறுத்தினால் நடுராத்திரி ரோந்துப் போலீஸ் தட்டுவார்கள். இரண்டு இடத்தில் தட்டினார்கள். "யாரு உள்ள?" என்ற அதட்டல், கதவைத் திறந்து நரைத்த தலை இரண்டைப் பார்த்ததும் "சாப்டீங்களா சார்?" என்று மாறிவிடும். ஒருவர் டார்ச் அடித்து உள்ளே முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, தான் ரிட்டயர் ஆனதும் இதையேதான் செய்யப்போவதாகச் சொன்னார். "ஏசி ராத்திரி ஃபுல்லா ஓடுமா சார்?" என்றார்.

இரண்டு பேருக்கு, பத்து நாளைக்கு, மார்கழி தையில் என்றால் இந்த வண்டிக்கு ஐந்தில் நாலு கொடுக்கலாம். சித்திரை வைகாசியில் எடுப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். என் மாதிரி இதையே வீடாக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு இரண்டு. பம்ப் அனுப்பின தம்பிக்கு ஐந்து.

மார்ச் 7ஆம் தேதி வண்டியை விட்டுவிட்டு, புதுச்சேரியிலிருந்து கடலூர் பஸ்ஸில் வந்தோம். ஜன்னலோரம் அவள், மடியில் முக்காலி. அடுத்த வாரம் மாசிமகம். தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரிக்கு வந்த சாமிகளை நான் நின்று நிதானமாகப் பார்த்தேன், பக்கத்தில் மீட்டர் இல்லை.

அந்தக் கருவாட்டுப் பாட்டி வாரம் ஒரு முறை போன் செய்கிறார். கடைசியில் "பையன் வந்து பாத்தானா?" என்று தவறாமல் கேட்கிறார். போன வாரம் பேசி முடித்துவிட்டு மனைவி என்னிடம் வந்தாள். அடுத்த தையில் இரண்டு வாரத்துக்கு அதே வண்டியைப் பேச வேண்டுமாம், இந்தத் தடவை டிரைவர் வைத்து. நல்ல யோசனை, நானும் நிம்மதியாக ஜன்னலில் பார்த்துக்கொண்டு வருவேன் என்றேன். ஆனால் டிரைவர் எங்கே படுப்பார், உள்ளே இரண்டு பேருக்குத்தானே இடம்?

"அவருக்கு முன் சீட்டு போதும். பின்னாடி நானும் என் தங்கச்சியும்."

"அப்ப நான்?"

"நீங்க வீட்ல இருங்க. இன்வெர்ட்டர யாரு பாத்துக்குறது?"